படியளந்த காலங்கள்: கிறித்தவ மரபில் யுகப் பகுப்பின் வரலாறு

‘படியளத்தல்’ என்பது தமிழில் இரு தளங்களில் வழங்கும் சொல். களத்து மேட்டில் உழைத்தவருக்குக் கூலி நெல்லை அளந்து தருவதும் படியளத்தலே. எல்லா உயிர்க்கும் அன்றன்றைய உணவை ஈபவன் இறைவன் என்பதை, ‘அவன் படியளக்கிறான்’ என்று மக்கள் கூறுவதும் அச்சொல்லாலேயே. அளப்பவன் ஒருவன், பெறுவோர் பலர், அளவோ ஆளுக்கும் பொழுதுக்கும் ஏற்ப வேறுபடுவது. இம்மூன்று பொருளும் அச்சொல்லுள் அடங்கியுள்ளன.

கிறித்தவ இறையியலில் கடவுளின் யுகத் திட்டத்தைக் குறிக்க வழங்கும் சொல்லும் இத்தகையதே. கிரேக்கத்தில் அது ‘ஒய்க்கொனோமியா’. வீட்டை நடத்தும் முறைமை என்பது அதன் நேர்ப்பொருள். இலத்தீனில் ‘திஸ்பென்சாசியோ’, நிறுத்து அளித்தல் என்பது அதன் வேர்ப்பொருள். பெரிய இல்லம் ஒன்றின் பண்டசாலையை ஆண்டு, வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவர்க்கும் வேண்டுவதை வேண்டும் காலத்தில் அளந்து கொடுக்கும் பொறுப்பை இரு சொற்களும் சுட்டின. பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு அப்பொறுப்பாளரை ‘உக்கிராணக்காரன்’ என்றது. பிற்காலத்தில் இச்சொல்லே, கடவுள் மனித குலத்தை நடத்திவரும் காலப் பகுதி ஒவ்வொன்றையும் குறிக்கும் கலைச்சொல்லாயிற்று.

யுகம் என்றவுடன் நம்மவர் நினைவில் எழுவது கிருதம், திரேதம், துவாபரம், கலி என்னும் நான்கின் சுழற்சி. கிறித்தவ யுகங்கள் சுழல்வன அல்ல. ஒருமுறையே நிகழ்ந்து, ஒரு முடிவை நோக்கி நடப்பன. ஆகவே ‘நாம் இப்போது எக்கட்டத்தில் நிற்கிறோம்?’ என்னும் வினா அங்குத் தவிர்க்க இயலாததாயிற்று. அவ்வினாவுக்குத் தரப்பட்ட விடைகளின் வரலாறே யுகப் பகுப்பின் வரலாறு. அதனை முறையாக நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பிளவுபட இருந்ததைப் பிணைப்பதற்காகவே இப்பகுப்பு தோன்றியது. பின்வந்தோர் பலர் அதனை அறுக்கும் கத்தியாகவும், முடிவு நாளைக் காட்டும் கடிகையாகவும் ஆக்கிக்கொண்டனர்.

பிளவைத் தடுத்த பகுப்பு

கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் உரோமைச் சபையைக் கலங்கச் செய்தவர் மார்சியோன். கருங்கடற்கரையிலுள்ள சினோப்பே நகரத்தவர், கப்பல் உடைமையாளர். யூதரின் மறைநூலில் சட்டம் விதித்துத் தண்டிக்கும் கடவுள் ஒருவர், இயேசு வெளிப்படுத்திய அன்புக் கடவுள் மற்றொருவர் என்பது அவர் கொள்கை. ஆதலால் பழைய ஏற்பாடு முழுவதையும் அவர் ஒதுக்கினார். லூக்கா நற்செய்தியையும் பவுலடியாரின் பத்து மடல்களையும் மட்டும், தம் கருத்துக்கு ஒவ்வாத பகுதிகளை நீக்கி ஏற்றுக்கொண்டார். 144-ஆம் ஆண்டில் உரோமைச் சபை அவரோடு உறவை முறித்துக்கொண்டது. எனினும் அவர் எழுப்பிய வினா எளிதில் மறையவில்லை. விருத்தசேதனம், பலி, ஓய்வுநாள் ஆகியவை முன்பு கட்டளைகள். கிறித்தவர்க்கோ அவை கட்டளைகளாக இல்லை. ஒரே கடவுள் இருவேறு வகையாகப் பேசுவது எங்ஙனம்?

இவ்வினாவுக்கு விடை கூறியவர் லியோன் நகர ஆயரான இரேனியுஸ். ஏறத்தாழ 180-இல் அவர் எழுதிய ‘மாற்றுக் கொள்கைகளுக்கு எதிராக’ என்னும் ஐந்து பகுதி நூலே யுகப் பகுப்பின் முதற் பெருநூல் எனத் தகும். கடவுள் இருவர் அல்லர். வீட்டுத் தலைவர் ஒருவரே, அவர் அளந்து தரும் அளவுகளே வேறு என்பது அவர் விடை. தாயால் தன் குழவிக்கு வலிய உணவைத் தர இயலும்; குழவியால்தான் அதனை உண்ண இயலாது என்று அவர் உவமை காட்டினார். மனித குலம் ஒரே நாளில் முதிர்ச்சி பெறவில்லை. அது வளர வளர, நான்கு உடன்படிக்கைகளின் வழியே கடவுள் அதனைப் பயிற்றுவித்தார் என்றார். இங்கே யுகங்களைப் பகுத்தது, மறைநூலின் முற்பாதியைக் கிழித்தெறியாமல் காப்பதற்காகவே என்பது கருதத்தக்கது.

அதே நூலின் இறுதிப் பகுதியில் வேறொரு விதையும் விழுந்து கிடக்கிறது. கடவுள் உலகைப் படைத்த நாள்கள் ஆறு. ஆண்டவருக்கு ஒருநாள் ஆயிரம் ஆண்டு போன்றது. ஆகவே உலகம் ஆறாயிரம் ஆண்டுகளில் நிறைவெய்தும் என்று இரேனியுஸ் எழுதினார். பிணைக்கும் பகுப்பும் எண்ணும் பகுப்பும் இங்ஙனம் ஒரே நூலில் உடன்பிறந்தன.

அச்சத்துக்கு மருந்தாக வந்த கணக்கு

எண்ணும் பகுப்பு தொடக்கத்தில் தீமையாக எழவில்லை. மூன்றாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் இப்போலித்து என்னும் அறிஞர் தானியேல் நூலுக்கு உரை வரைந்தார். அவ்வுரையில் இரு நிகழ்ச்சிகளை அவர் கூறுகிறார். சிரியாவில் சபைத் தலைவர் ஒருவர், கிறித்துவை எதிர்கொள்ளப் புறப்படுவோம் என்று மக்களைக் குழந்தைகுட்டிகளோடு பாலைநிலத்துக்கு இட்டுச் சென்றார். பொந்துப் பகுதியில் மற்றொரு தலைவர் தாம் கண்ட கனவுகளை நம்பி, ஓராண்டுக்குள் இறுதித் தீர்ப்பு வரும் என்று அறிவித்தார். மக்கள் உழவைக் கைவிட்டனர். பலர் உடைமைகளை விற்றனர். ஆண்டு கழிந்தது, தீர்ப்பு வரவில்லை. விற்றவர்கள் இரந்துண்ணும் நிலைக்கு ஆளாயினர்.

இத்தகைய பேதைமைக்கு மாற்றாகவே இப்போலித்து ஒரு கணக்கைத் தந்தார். மோசேயின் உடன்படிக்கைப் பேழையின் நீள, அகல, உயரங்களைக் கூட்டினால் ஐந்தரை முழம். அதனைக் குறியாகக் கொண்டு, உலகம் தோன்றி 5500-ஆம் ஆண்டில் கிறித்து பிறந்தார் என்றார். ஆறாயிரம் நிறைய அவர் காலத்தில் இன்னும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் இருந்தன. முடிவு கண்முன் இல்லை. ஆகவே கலங்காமல் அவரவர் கடமையைச் செய்யலாம் என்பதே அக்கணக்கின் பயன். 221 வரை வரலாறு தொகுத்த யூலியு ஆப்பிரிக்கானும் இதனையொட்டிய கணக்கையே தந்தார்.

ஆயின் மருந்துக்கும் காலாவதி உண்டு. 500-ஆம் ஆண்டு நெருங்க நெருங்க, அச்சத்தைத் தணிக்க வந்த கணக்கே அச்சத்தை விளைப்பதாயிற்று. நான்காம் நூற்றாண்டில் யூசேபியுஸ் வகுத்து, எரோணிமுஸ் இலத்தீனில் பெயர்த்த வரலாற்றுத் தொகுப்பு, கிறித்துவின் பிறப்பை 5199-ஆம் ஆண்டில் வைத்தது. அதன்படி ஆறாயிரம் நிறைவது 801-இல். முடிவு மேலும் முந்நூறு ஆண்டுகள் தள்ளிப் போடப்பட்டது, நோயோ தீரவில்லை.

அகுஸ்தினாரின் ஆறு பருவங்கள்

இப்போக்கை மாற்ற முயன்றவர் வட ஆப்பிரிக்காவின் இப்போ நகர ஆயர் அகுஸ்தினார். இளமையில் மானியரின் சமயத்தைச் சார்ந்திருந்தவர். மானியரும் மார்சியோனைப் போன்றே பழைய ஏற்பாட்டைப் பழித்தோர். அவர்களை மறுத்து 388-ஐ ஒட்டி எழுதிய தொடக்கநூல் விளக்கத்தில்தான் அகுஸ்தினார் ஆறு யுகங்களை முதன்முதல் விரித்துரைத்தார். இரேனியுசிடம் கண்டது போலவே, இங்கும் பகுப்பு பிறந்தது பிளவை மறுக்கும் போரிலேயே ஆகும்.

ஆதாம் முதல் நோவா வரை, நோவா முதல் ஆபிரகாம் வரை, ஆபிரகாம் முதல் தாவீது வரை, தாவீது முதல் பாபிலோன் சிறைவாழ்வு வரை, அதுமுதல் கிறித்து வரை, கிறித்து முதல் உலக முடிவு வரை என யுகங்கள் ஆறு. இவற்றை மனித வாழ்வின் ஆறு பருவங்களோடு அவர் ஒப்பிட்டார். குழவிப் பருவம் முதல் முதுமை ஈறாக உலகம் ஒரே மனிதனாக வளர்கிறது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை அறிந்தோர்க்கு இவ்வொப்புமையின் நுட்பம் எளிதில் விளங்கும். காப்பு, செங்கீரை, தால் எனப் பருவம் மாறலாம். பாட்டுடைத் தலைமை பெற்ற பிள்ளை மாறுவதில்லை.

இவ்வமைப்பில் ஆறாம் பருவத்துக்கு அகுஸ்தினார் தந்த இலக்கணமே தலையாயது. முதலிரு யுகங்களுக்குப் பப்பத்துத் தலைமுறைகள். அடுத்த மூன்றுக்கும் பதினான்கு பதினான்கு. ஆறாவதற்கு எண் இல்லை. மற்றப் பருவங்களுக்கு எல்லை உண்டு. முதுமை மட்டும் ஏனைய அனைத்தும் சேர்ந்த அளவுக்குக்கூட நீளலாம் அன்றோ என்று அவர் காரணம் காட்டினார். அதுமட்டுமன்று, உடல் தளரும் அம்முதுமையிலேயே உள்ளத்தில் புதிய மனிதன் பிறக்கிறான் என்றும் கூறினார். தளர்ச்சியும் பிறப்பும் ஒரே யுகத்தின் இருபக்கங்களாயின.

410-இல் அலாரிக்கின் படை உரோமை நகரைச் சூறையாடியது. உரோமைப் பேரரசின் வெற்றியே கடவுள் திட்டத்தின் நிறைவு என நம்பியிருந்தோர் நிலைகுலைந்தனர். 413 முதல் 426 வரை அகுஸ்தினார் எழுதிய ‘கடவுளின் நகர்’ என்னும் பெருநூல் இவ்விடிவுக்கு எழுந்த மறுமொழி. எந்தப் பேரரசின் எழுச்சியும் வீழ்ச்சியும் யுகத்தின் எல்லைக்கல் ஆகாது என்பது அதன் சாரம். முடிவுக்கு இத்தனை ஆண்டு என எண்ணி மடக்கிய விரல்களைத் தளர்த்திவிடுமாறு அந்நூலில் அவர் கணக்கர்க்கு அறிவுறுத்துகிறார்.

418-இல் நிகழ்ந்த கதிரவன் மறைப்பை ஒட்டிச் சலோனா நகர ஆயர் எசிக்கியுஸ், முடிவின் அறிகுறிகள் குறித்து அவருக்கு மடல் எழுதினார். அதற்கு அகுஸ்தினார் எழுதிய நெடிய விடையில் மூன்று பணியாளர் வருகின்றனர். தலைவர் விரைவில் வருவார் என்கிறான் ஒருவன். காலந்தாழ்த்தே வருவார் என்கிறான் இன்னொருவன். எப்போது வருவார் என்று தெரியாது என்கிறான் மூன்றாமவன். மூவரும் தலைவரை நேசிப்போரே. ஆயின் முதலாமவன் சொல் பொய்த்தால் பிறரின் நம்பிக்கை முறியும். மூன்றாமவனின் சொல்லால் எவர்க்கும் கேடில்லை. அறியாமையை ஒப்புக்கொள்ளுதலும் ஓர் அறநெறி என இங்கு நிறுவப்பட்டது.

விருந்தில் எழுந்த பழி

அகுஸ்தினாரின் சொல் ஏட்டில் நின்றது; எண்ணும் வழக்கமோ நாட்டில் நின்றது. மூன்று நூற்றாண்டுக்குப் பின் இங்கிலாந்தின் வடபுலத்தில், யாரோ மடத்துத் துறவி பீட் இதனை நேரிற் கண்டார். 703-இல் காலக் கணக்கைப் பற்றிச் சிறுநூல் ஒன்றை அவர் எழுதினார். எரோணிமுஸ் எபிரேய மூலத்திலிருந்து பெயர்த்த விவிலியத்தைப் பின்பற்றி எண்ணியதால், படைப்புக்கும் கிறித்து பிறப்புக்கும் இடையே அவர் கண்டது 3952 ஆண்டுகளே. யுகம் என்றாலே ஆயிரமாண்டு எனக் கொண்டிருந்தோர்க்கு இது அதிர்ச்சி அளித்தது. ஐயாயிரம் நிறையாமுன் பிறந்தவர் ஆறாம் யுகத்தில் வந்தவர் ஆவாரோ? ஆயர் வில்பிரிதின் முன்னிலையில் நடந்த விருந்தொன்றில், மதுவுண்டு களித்திருந்த சிலர் பீடைத் திரிபுக் கொள்கையர் என்று பழித்தனர்.

செய்தி அறிந்து மனம் நொந்த பீட், 708-இல் பிளெக்வின் என்னும் துறவிக்கு மடல் ஒன்றை வரைந்தார். யுகம் என்பது ஆண்டுகளின் எண்ணிக்கையால் அமைவதன்று. அதில் நிகழ்ந்தவற்றின் பொருளால் அமைவது என அதில் அவர் நிலைநாட்டினார். இன்னும் எத்தனை ஆண்டு எஞ்சியுள்ளது என்று நாட்டுப்புறத்தார் தம்மை ஓயாது வினவுவதையும் அவர் வருத்தத்துடன் குறிப்பிடுகிறார்.

725-இல் விரிவான காலக்கணித நூலையும், 731-இல் ஆங்கிலேயரின் திருச்சபை வரலாற்றையும் அவர் நிறைவு செய்தார். வரலாற்று நூலில், 525-இல் உரோமையில் தியோனீசியுஸ் எக்சிகுவுஸ் தம் பாஸ்கா அட்டவணைக்காக வகுத்த ஆண்டுமுறையைத் தொடர்ந்து கையாண்டார். அதுவே இன்று நாம் எழுதும் ‘கி.பி.’ என்பதன் வழி. படைப்பு முதல் எண்ணும் ஆண்டு, ஆறாயிரம் என்னும் எல்லையை நோக்கித் தேய்ந்துகொண்டே செல்வது. கிறித்து பிறப்பு முதல் எண்ணும் ஆண்டுக்கோ முன்னே எல்லை இல்லை. திரிபுக் கொள்கையர் எனப் பழிக்கப்பட்டவரின் எழுத்து, முடிவை நோக்கி எண்ணும் வழக்கத்தைத் தொடக்கத்திலிருந்து எண்ணும் வழக்கமாக மாற்றத் துணைநின்றது எனலாம்.

யோவாக்கிம் கண்ட மூன்றாம் நிலை

பன்னிரண்டாம் நூற்றாண்டில், தென் இத்தாலியின் கலாபிரிய மலைப்பகுதியில் வாழ்ந்த மடத்தலைவர் பியோரே யோவாக்கிம். 1202-இல் மறைந்தவர். அகுஸ்தினாரின் ஆறாம் யுகம் தளர்ந்த முதுமை. யோவாக்கிமோ வரலாற்றுக்குள்ளேயே ஓர் இளவேனிலை எதிர்நோக்கினார். தந்தையின் நிலை, மகனின் நிலை, தூய ஆவியின் நிலை என வரலாறு மூன்று நிலைகளில் விரிகிறது என்றார். முதலாவது அச்சத்தால் கட்டுண்டது. இரண்டாவது பிள்ளைமைப் பணிவுடையது. மூன்றாவது ஆவியின் விடுதலையும் தியானமும் நிறைந்தது.

அவரும் யுகங்களை வெட்டிப் பிரித்தாரல்லர். ஒன்றோடொன்று கோத்த மூன்று வளையங்களாக அவர் கருத்தை விளக்கும் ஓவியம் ஒன்று உண்டு. ஒவ்வொரு நிலையும் முந்தையதன் உள்ளேயே முளைவிட்டுப் பின்னரே கனி தருகிறது என்பது அவர் கொள்கை. எனினும் தலைமுறைக்கு முப்பது ஆண்டாக நாற்பத்திரண்டு தலைமுறைகள் என்னும் எண்ணும் அவர் நூலில் இருந்தது. பெருக்கி நோக்கினோர்க்குக் கிடைத்த ஆண்டு 1260.

அடிகளார் பிரான்சிசின் சபையில் ஒரு சாரார், ஆவியின் யுகத்துக்குரிய எளிய துறவியர் தாமே என நம்பினர். அவருள் ஒருவரான போர்கோ சான் தொன்னினோ ஜெரார்து, 1254-இல் பாரிசில் ஒரு நூலை வெளியிட்டார். இரு ஏற்பாடுகளின் காலமும் முடிகிறது. யோவாக்கிமின் நூல்களே இனி நிலைத்த நற்செய்தி என்பது அதன் கொள்கை. மார்சியோன் ஒரு பாதியை நீக்கினார். ஜெரார்து முழுமையையும் நீக்க முற்பட்டார். 1255-இல் திருத்தந்தை நான்காம் அலெக்சாந்தர் அந்நூலைக் கண்டித்தார். ஜெரார்து வாழ்நாள் சிறைக்கு ஆளானார்.

யோவாக்கிமின் கணிப்புகளை ஆர்வத்தோடு பின்பற்றியவருள் ஒருவர் பார்மா நகரத்துச் சலிம்பேனே. முடிவுக்கால எதிரி எனக் கருதப்பட்ட பேரரசர் இரண்டாம் பிரெடரிக் 1250-இல் இறந்தார், 1260-உம் கடந்தது. இனிக் கண்ணால் கண்டவற்றையே நம்புவது என்று தாம் முடிவு செய்ததைச் சலிம்பேனே தம் வரலாற்றில் ஒளிவின்றிப் பதிவு செய்துள்ளார். எண் தோற்றது, கனவு தோற்கவில்லை. கவிஞர் தாந்தே தம் காப்பியத்தின் வீட்டுலகப் பகுதியில், அறிவொளி மிக்க ஆன்றோரிடையே யோவாக்கிமை அமர்த்தி, இறைவாக்குணர்வு பெற்றவர் எனச் சிறப்பித்தார்.

டார்பியின் கோடுகள்

சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் பிணைக்கும் பகுப்பு ‘உடன்படிக்கை இறையியல்’ என்னும் வடிவில் தழைத்தது. 1646-இன் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும், இலெய்டன் பேராசிரியர் கொக்கேயுசின் 1648-ஆம் ஆண்டு நூலும் இதற்குச் சான்று. யுகங்கள் மாறினும் அருளின் உடன்படிக்கை ஒன்றே என்பது அவற்றின் துணிபு. எண்ணும் பகுப்பும் ஓயவில்லை. அயர்லாந்துப் பேராயர் அசர் 1650-இல் படைப்பைக் கி.மு. 4004-இல் வைத்தார், அவர் கணக்கில் ஆறாயிரம் நிறைந்த ஆண்டு 1997. அமெரிக்கரான வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22-ஐ எதிர்நோக்கி நின்றனர். சிலர் அறுவடையையும் கைவிட்டனர். பொந்துப் பகுதியின் தரிசு வயல்கள் ஆயிரத்தறுநூறு ஆண்டுக்குப் பின் மீண்டும் தோன்றின.

இவற்றினின்று வேறுபட்ட மூன்றாம் வழியை வகுத்தவர் ஜான் நெல்சன் டார்பி (1800–1882). அயர்லாந்தின் விக்லோ பகுதியில் ஆங்கிலிக்கன் குருவாகப் பணியாற்றி, நிறுவனச் சபையின் போக்கில் மனமுறிந்து வெளியேறியவர். பிளிமத் சகோதரர் இயக்கத்தின் தலைவருள் ஒருவர். ஒவ்வொரு யுகமும் மனிதனுக்கு ஒரு சோதனை. ஒவ்வொன்றிலும் மனிதன் தவறினான் என்பது அவர் நோக்கு. இசுரயேலுக்கு உரைக்கப்பட்ட மண்ணுலக வாக்குறுதிகள் இசுரயேலுக்கே உரியன. சபையின் காலம் அவ்வாக்குறுதிகளுக்கு நடுவே அமைந்த இடைவெளி என்று அவர் கோடு கிழித்தார். இவ்விடைவெளிக்கு ஆண்டுக் கணக்கு இல்லை என்பதால், நாள் குறித்து ஏமாந்தோர்க்கு இக்கொள்கை ஆறுதலாகவும் அமைந்தது.

அமெரிக்க வழக்கறிஞராயிருந்து போதகரான ஸ்கோஃபீல்டு இதனை எளிமையாக்கினார். 1909-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட அவரது குறிப்புரை விவிலியம், மாசின்மை, மனச்சான்று, மனித அரசு, வாக்குறுதி, சட்டம், அருள், அரசாட்சி என ஏழு யுகங்களை வகுத்து உலகெங்கும் பரப்பியது. எளிய வாசகர்க்கு விவிலியம் முழுவதையும் ஒரே வரைபடமாகக் காட்டியது அதன் ஆற்றல். ஆயின் கோடுகள் கூர்மையாகுந்தோறும் ஓர் இடர் எழுந்தது. இயேசுவின் மலைப்பொழிவு முதன்மையாக வரவிருக்கும் அரசாட்சிக்குரியது. அறநிலையிலேயே அது கிறித்தவர்க்கும் பொருந்தும் என்று அவ்வுரை விளக்கிற்று. பகைவரை நேசி என்னும் கட்டளை இன்றைய படியா, நாளைய படியா என்னும் ஐயத்துக்கு இது இடந்தந்தது.

இக்கூர்மையின் ஆபத்தை முதலில் உணர்ந்தவர் இயக்கத்துக்குள்ளேயே இருந்தார். அவர் எக்சிடர் நகரின் பல் மருத்துவராயிருந்து தொண்டரான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் (1795–1853). 1833-இல் இந்தியா வந்து, பின்னர்ச் சித்தூரில் தங்கிப் பணியாற்றியவர். 1836-இல் டார்பிக்கு எழுதிய மடலில், வாழ்வால் ஒன்றுபட்டோரை ஏற்பதை விடுத்துக் கருத்தால் ஒன்றுபட்டோரை மட்டும் ஏற்கும் குறுகிய வழியில் இயக்கம் செல்வதாக அவர் எச்சரித்தார். குரோவ்சோடு இணைந்து தொண்டாற்றியவர் நெல்லைச் சீமையின் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867). 1860-இல் அவரைச் சூழ்ந்து எழுந்த ஆன்மிக எழுச்சி, யுகக் கோடுகளைவிட உள்ளத்தின் மாற்றத்தையே முன்னிறுத்தியது. குரோவ்சின் எச்சரிக்கை வீண்போகவில்லை என்பதைப் பின்வந்த பிளவுகள் காட்டின. 1848-இல் சகோதரர் இயக்கமே இரண்டாகப் பிரிந்தது.

முந்தைய யுகத்து மக்கள்

மேற்கண்ட பகுப்புகள் யாவும் முந்தைய யுகத்தின் நூலைப் பற்றிப் பேசின. அந்நூலைச் சுமந்த யூத மக்களின் நிலை யாது? இதுவே யுகப் பகுப்பின் உரைகல்.

இரேனியுசும் அகுஸ்தினாரும் பழைய ஏற்பாட்டைக் காத்தனர். ஆயின் அதன் மக்களைக் காலம் கடந்தோராகவே கருதினர். யூதர் தம் நூல்களைச் சுமந்து சான்று பகர்வோர். ஆதலால் அவரைக் கொல்லலாகாது என்றார் அகுஸ்தினார். இது உயிரைக் காத்த சொல்; மதிப்பைத் தந்த சொல் அன்று. 1096-இல் முதற் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கும்பல்கள் ரைன் ஆற்றங்கரை நகரங்களில் யூதரைக் கொன்று குவித்தபோது அச்சொல்லும் காற்றில் பறந்தது. 1146-இல் ரதுல்பு என்னும் துறவி மீண்டும் கொலைவெறியைத் தூண்டியபோது, கிளேர்வோ பெர்னார்து அகுஸ்தினாரின் அதே வாதத்தைக் கையிலெடுத்து நேரிற் சென்று அவரை அடக்கினார். ஒரு யுகம் முடிந்தது என்று ஏட்டில் எழுதும் வரி, தெருவில் உயிர்களின் வழக்காக மாறும் என்பதற்கு இவை சான்று.

டார்பியின் பகுப்பு யூதருக்குத் திட்டத்தில் மீண்டும் இடமளித்தது. ஆயினும் அவ்விடம் வருங்கால நாடகத்தில் ஏற்கவேண்டிய ஒரு வேடமாகவே பலரால் கருதப்பட்டது. 1948-இல் இசுரேல் நாடு தோன்றியதும், நாற்பதாண்டு ஒரு தலைமுறை என்று கொண்டு 1988-ஐச் சுட்டியோரும் உளர். 1988-உம் கடந்தது.

இரண்டாம் உலகப் போரில் அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின்னரே கிறித்தவ உலகம் தன் பகுப்பை மீள நோக்கியது. 1965 அக்டோபர் 28-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை, யூதர் கடவுளால் தள்ளப்பட்டோர் எனக் காட்டலாகாது என்று தெளிவுறுத்தியது. அதே 1965-இல் சார்லஸ் ரைரி, எல்லா யுகங்களிலும் மீட்பு அருளாலேயே என்று டார்பி மரபுக்குள்ளிருந்தே வலியுறுத்தினார். 1990-களில் அம்மரபின் பிளெய்சிங், பாக் ஆகியோர், யுகங்கள் ஒன்றினுள் ஒன்று நிறைவு பெறுவன எனக் கூறிக் கோடுகளை மென்மையாக்கினர். அறுக்கக் கிளம்பிய பகுப்பு, தன் பிறப்பிடமான பிணைப்பை நோக்கி மீண்டும் அடியெடுத்து வைத்தது.

முடிவுரை

காலத்தைப் பகுக்காமல் வரலாறு எழுத இயலாது; இலக்கிய வரலாறும் இதற்கு விலக்கன்று. பகுப்பின் குறை பகுத்தலில் இல்லை. அளந்து தரப்பட்டதைப் பெற்றவன், அளப்பவன் இடத்தில் தான் அமர்ந்துகொண்டு, பிறர் பங்கு தீர்ந்தது என்று அறிவிப்பதில் இருக்கிறது. இரேனியுசின் தாய், அகுஸ்தினாரின் மூன்றாம் பணியாளன், பீடின் மனவருத்தம், யோவாக்கிமின் கோத்த வளையங்கள், குரோவ்சின் மடல் ஆகிய ஐந்தும் வெவ்வேறு நூற்றாண்டுகளில் இதனையே உணர்த்தின.

உக்கிராணக்காரனின் கையில் இருப்பது மரக்கால், களஞ்சியம் அவனுடையதன்று. முன்பு உண்டவரை மறவாமலும் பின்பு வருவோரின் பங்கைக் குறைக்காமலும் அவன் அளக்கவேண்டும். யுகங்களைப் பற்றிப் பேசும் எவர்க்கும், சமய அறிஞராயினும் வரலாற்றறிஞராயினும் கவிஞராயினும், இந்நெறி பொருந்தும்.